ஆடியோரும் ஆடுவோரும்

மாணவர்களே! கால்பந்துக் கழகம் ஒன்றன் உயிர் எங்குள்ளது? ஆட்டக்காரர் மாறிக்கொண்டே இருப்பர். நிலைத்து நிற்பவர் ஆதரவாளரே.

கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயம் பெற்றது. அவ்வணியில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். ஆண்டுதோறும் அந்நாள் விழாவில் பழைய வீரரும் இன்றைய வீரரும் ஆதரவாளரும் ஒருங்கே கூடுகின்றனர்.

2001இல் கழகத்தின் முதல் ‘ரத்னா’ விருது சைலேன் மன்னாவுக்கு வழங்கப்பெற்றது. 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் அவர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகப் பெனால்டி உதையொன்றைத் தவறவிட்டவரும் அவரே!

வென்ற நாளில் கைதட்டுதல் எவர்க்கும் எளிது. ஆட்டம் ஓய்ந்து நாற்பது ஆண்டு சென்ற பின்னும் முதியவரை அழைத்துப் போற்றுதலே ஆதரவு. அதனைக் காணும் இளைய வீரன் உணர்கிறான்: தவறினும் தான் மறக்கப்படான்.