மின்சாரப் புகையிரதமும் கணினித் திரையும்: பிரித்தானியாவின் ஆரம்பகால மின் எஞ்சின்கள் பற்றிய ஒரு நோக்கு

நீராவிப் புகையிரதத்தின் தாயகம் பிரித்தானியா என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அதே நாடு மின்சக்தியால் வண்டிகளை இயக்கும் முயற்சியிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முன்னின்றது என்பதும், அம்முயற்சி இடைவழியிற் பலமுறை தேங்கிப்போயிற்று என்பதும் அத்துணை பரவலாக அறியப்பட்டனவல்ல. இவ்வரலாற்றிற்குரிய எஞ்சின்களிற் பெரும்பாலானவை இரும்புத் துண்டுகளாக உடைக்கப்பட்டுவிட்டன. எனினும் அவற்றை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பினைக் கணினி விளையாட்டுக்கள் தருகின்றன. இத்தகைய மீளாக்கம் எதனை நமக்கு மீட்டுத் தருகின்றது, எதனை மறைத்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

1. மேலதிக இணைப்பு என்பது யாது?

ஓட்டுநர் அறையையும் பாதையையும் திரையிற் போலச் செய்து காட்டும் புகையிரதச் சிமியுலேற்றர் விளையாட்டுக்களுள் மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ‘ட்ரெயின் சிமியுலேற்றர்’ குறிப்பிடத்தக்கது. இவ்விளையாட்டுடன் வரும் எஞ்சின்கள் சிலவே. ஏனையவற்றைப் பிறர் ஆக்கி அதனோடு இணைக்கலாம். அவையே மேலதிக இணைப்புக்கள். சில விலைக்கு விற்கப்படுவன. சில ஆர்வலர்களால் இலவசமாக வழங்கப்படுவன.

ஓர் எஞ்சின் இணைப்பினைப் பகுத்து நோக்கின், அது ஐந்து கூறுகளால் ஆனதெனலாம். உருவம், மேற்பரப்பின் நிறமும் எழுத்தும், ஓட்டுநர் அறையின் தோற்றம், ஒலி என்பன நான்கு. எஞ்சினின் நிறை, இழுவிசை, தடுப்பு விசை, உயர் வேகம் ஆகியவற்றை எண்களாகக் கொண்ட இயல்புக் கோப்பு ஐந்தாவது. முதல் நான்கும் கண்ணுக்கும் செவிக்கும் உரியவை. ஐந்தாவதே அவ்வெஞ்சின் உண்மையில் எவ்வாறு உழைத்தது என்பதைக் கூறுவது. ஓர் இணைப்பின் வரலாற்றுப் பெறுமதி பெரிதும் இவ்வைந்தாவது கூற்றிலேயே தங்கியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. எஞ்சின்களும் அவற்றின் சூழலும்

இலண்டனில் 1890இல் திறக்கப்பட்ட சிற்றி அன்ட் சவுத் லண்டன் புகையிரதம் உலகின் முதலாவது ஆழ்நிலச் சுரங்க மின்சாரப் புகையிரதமாகும். முதலில் கம்பிவடத்தால் இழுக்கப்படுவதாகவே இது திட்டமிடப்பட்டிருந்தது. அதன் சிறிய எஞ்சின்களிற் பற்சில்லுகள் இல்லை. மோட்டரின் சுழலும் பகுதி நேரடியாகவே அச்சின்மீது அமைந்திருந்தது. மின்னிலையம் ஸ்ரொக்வெல்லில் இருந்தமையால், தொலைவிலிருந்த மறுமுனையில் வோல்ற்றளவு வீழ்ந்தது. எனவே இவ்வெஞ்சினைத் தனித்ததொரு பொருளாக மட்டும் போலச் செய்தல் போதாது. அதற்கு உணவூட்டிய மின்வலையையும் சேர்த்தே போலச் செய்தல் வேண்டும்.

நியூகாசிலில் வட கிழக்குப் புகையிரதக் கம்பனி ஆற்றங்கரைத் துறைக்குச் செல்லும் கிளைப்பாதையை மின்மயமாக்கியமைக்கு வேறொரு காரணம் இருந்தது. அப்பாதை வளைந்த சுரங்கங்களூடாக, 27 அடிக்கு ஓர் அடி என்னும் கடுஞ்சாய்வில் இறங்கிற்று. அச்சுரங்கங்களில் நீராவி எஞ்சினின் புகை தொழிலாளருக்குப் பெருந்துன்பமாயிற்று. பின்னர் ஈ.எஸ்.1 எனப் பெயரிடப்பட்ட இரண்டு எஞ்சின்கள், 600 வோல்ற்று நேரோட்டத்தில், சுரங்கத்தில் மூன்றாம் தண்டவாளத்திலிருந்தும் வெளியே மேற்கம்பியிலிருந்தும் மின்னைப் பெற்று, 1905 முதல் 1964 வரை உழைத்தன. அவற்றுள் ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகின்றது.

இதே கம்பனி, வின்சென்ற் றேவன் என்னும் பொறியியலாளரின் தலைமையில், டறம் நிலக்கரியை ரீஸ் ஆற்றுப் பகுதிக்குக் கொண்டுசெல்லும் ஷில்டன் - நியூபோட் பாதையை 1915இல் 1500 வோல்ற்று நேரோட்டத்தால் மின்மயமாக்கியது. இதற்கெனப் பத்து எஞ்சின்கள் டாலிங்ரனிற் கட்டப்பட்டன. இவ்வெற்றியால் ஊக்கமுற்ற றேவன், யோர்க்கிலிருந்து நியூகாசில் வரையான பிரதான பாதையையும் மின்மயமாக்கத் திட்டமிட்டு, 1922இல் ஈ.ஈ.1 என்னும் கடுகதி எஞ்சினைக் கட்டுவித்தார். ஆயின் 1923இற் கம்பனிகள் நான்கு பெருங் குழுக்களாக இணைக்கப்பட்டபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. நிலக்கரிப் போக்குவரத்துச் சுருங்க, ஷில்டன் பாதையிலும் 1935இல் மின்சாரம் அகற்றப்பட்டு நீராவி திரும்பிற்று. ஈ.ஈ.1 பயணிகள் சேவையில் ஒருபோதும் ஈடுபடாமலேயே 1950இல் உடைக்கப்பட்டது.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டினை நாம் காண்கிறோம். வரலாற்றில் ஓடாத எஞ்சினைத் திரையில் யோர்க்கிலிருந்து நியூகாசிலுக்கு எவரும் ஓட்டிவிடலாம். அவ்வாறு ஓட்டுவது தவறன்று. நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்ப்பதும் வரலாற்றறிவின் ஒரு பகுதியே. ஆனால் அது ஏன் ஓடவில்லை என்னும் வினா எழாதவிடத்து, தொழில்நுட்பத்தின் வளர்ச்சி எந்திரத்தின் திறனால் மட்டுமே நிர்ணயிக்கப்படுகின்றது என்னும் மயக்கம் தோன்றிவிடும். ஈ.ஈ.1ஐத் தோற்கடித்தது அதன் மோட்டரன்று. உடைமை மாற்றமும் முதலீடு பற்றிய கணிப்புமேயாம்.

3. கைபிடியும் மின்னோட்டமும்

இவ்வெஞ்சின்களின் இயக்கத்தைச் சரியாகப் போலச் செய்வதிலுள்ள முதன்மையான இடர்ப்பாட்டினை அடுத்து நோக்குவோம். நேரோட்ட மோட்டர் ஓய்விலிருக்கும்போது அதனுள் எதிர் மின்னியக்க விசை இல்லை. அந்நிலையில் முழு வோல்ற்றளவையும் கொடுத்தால் அளவிறந்த மின்னோட்டம் பாய்ந்து மோட்டரைக் கெடுக்கும். ஆகவே தொடக்கத்தில் மோட்டர்கள் தொடராக இணைக்கப்பட்டு, அவற்றோடு தடைகளும் சேர்க்கப்படும். வேகம் ஏற ஏற எதிர் விசையும் வளரும். ஓட்டுநர் கைபிடியைப் படிபடியாக நகர்த்தித் தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவார். பின்னர் மோட்டர்களைச் சமாந்தர இணைப்புக்கு மாற்றுவார்.

இப்படிகளுள் தடைகள் முற்றாக நீங்கிய படிகளிலேயே நீண்டநேரம் ஓடலாம். இடைப்படிகளில் தங்கினால் தடைகள் சூடேறிக் கெடும். மின்சக்தியும் வெப்பமாக வீணாகும். விரைந்து நகர்த்தினாலோ மின்னோட்டம் பாய்ந்து சுற்றுடைப்பான் விழும், அல்லது சில்லுகள் வழுக்கும். அம்பியர்மானியின் முள்ளையும் சில்லின் ஒலியையும் கவனித்தவாறே கைபிடியை நகர்த்துவது பழகிப் பெற்ற தொழிற்றிறன்.

எளிமையாக ஆக்கப்பட்ட இணைப்பொன்றில் இக்கைபிடி மோட்டர்க்காரின் வேகமிதி போலச் செயற்படும். எப்படியிலும் எவ்வளவு நேரமும் தங்கலாம். அங்கு எஞ்சினின் உருவம் உண்டு. உழைப்பாளியின் திறன் இல்லை. எனவே ஓர் இணைப்பை மதிப்பிட விரும்புவோர் அதன் நிறப்பூச்சை நோக்குமுன், ஓர் இடைப்படியில் நிறுத்திவைத்துப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் எதிர்ப்புக் காட்டாதாயின், அது பெரும்பாலும் அழகிய படமே.

4. வுட்ஹெட் பாதை

மான்செஸ்ரரையும் ஷெபீல்டையும் பெனைன் மலைகளூடாக இணைத்த வுட்ஹெட் பாதையின் மின்மயமாக்கம் 1936இல் திட்டமிடப்பட்டது. போர் அதனைத் தடுத்தது. முதல் எஞ்சின் 1941இலேயே கட்டி முடிக்கப்பட்டபோதும் ஓடுவதற்கு உரிய கம்பி இருக்கவில்லை. போரின்பின் 1947 முதல் 1952 வரை நெதர்லாந்துக்கு அது இரவல் வழங்கப்பட்டது. பிரித்தானியப் படைவீரனைக் குறிக்கும் ‘ரொமி’ என்னும் பெயரை அங்குள்ளோர் அதற்கு இட்டனர். மேலும் 57 எஞ்சின்கள் கோட்டனிற் கட்டப்பட, 1954இல் புதிய சுரங்கத்துடன் பாதை திறக்கப்பட்டது. ஆயின் 1956இல் நாட்டின் பொதுத் தரமாக 25,000 வோல்ற்று ஆடலோட்டம் தெரிவுசெய்யப்பட்டதனால், இப்பாதை திறந்து இரண்டே ஆண்டுகளில் தனித்துப்போயிற்று. பயணிகள் சேவை 1970இலும், எஞ்சிய சரக்குச் சேவை 1981 யூலையிலும் நின்றன.

‘ட்ரெயின் சிமியுலேற்றர்’ என்னும் பெயரிலேயே டவ்ரெயில் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிறிதொரு விளையாட்டுக்கு, இப்பாதை தன் பிற்கால நீலநிற எஞ்சின்களுடன் ஓர் இணைப்பாகக் கிடைக்கின்றது. இங்கு ஓடியது பெரும்பாலும் நிலக்கரி. மலையிறங்கும் பாரவண்டியின் மோட்டர்கள் மின்பிறப்பாக்கிகளாக மாறி, வண்டியைத் தடுத்தவாறே மின்னைக் கம்பிக்குத் திருப்பின. அம்மின்னை மலையேறும் வண்டி பயன்படுத்திற்று. அதாவது, ஒரு வண்டி மற்றொன்றின் உழைப்பிற் பங்கேற்றது. அதேபோல, தொடர்ச்சியான தடுப்பற்ற பழைய நிலக்கரிப் பெட்டிகளைக் கொண்டு ஓடிய வண்டியின் கடைசியில் காவலர் ஒருவர் தம் தடுப்புப் பெட்டியிலிருந்து கைத்தடுப்பை இயக்கி, இணைப்புச் சங்கிலிகள் அறாதவாறு ஓட்டுநரோடு ஒத்துழைத்தார். சிமியுலேற்றரிலோ ஓட்டுபவர் பெரும்பாலும் தனியர். காவலரும், சமிக்ஞை அறைத் தொழிலாளரும், நிலக்கரியை அகழ்ந்த தென் யோர்க்ஷயர் சுரங்கத் தொழிலாளரும் திரைக்கு அப்பாலேயே நிற்கின்றனர். கூட்டுழைப்பு ஒன்று தனிமனிதத் திறனாகச் சுருங்கிவிடுகின்றது.

5. எவருடைய நினைவு?

எனினும் இம்மீளாக்கங்களை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஷில்டன் பாதையின் பத்து எஞ்சின்களுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. அவற்றின் உருவத்தை மீட்க விரும்புவோர் வரைபடங்களையும் புகைப்படங்களையும் தேடி ஒப்புநோக்கவேண்டியுள்ளது. இது ஆய்வாளர் செய்யும் பணியேயாகும்.

மைக்ரோசொவ்ற் 2009இல் தன் விளையாட்டின் இரண்டாம் பதிப்பைக் கைவிட்டது. சந்தையை மட்டும் நம்பியிருந்தால், அதற்கென ஆக்கப்பட்ட எண்ணற்ற எஞ்சின்களும் பாதைகளும் காலப்போக்கிற் பயனற்றுப் போயிருக்கும். ஆயின் ஆர்வலர்கள் கூடி ஆக்கிய ‘ஓப்பன் றெயில்ஸ்’ என்னும் இலவச மென்பொருள், அப்பழைய கோப்புக்களைத் தொடர்ந்து இயக்குகின்றது. அதன் மூலக்கட்டளைகள் எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்துள்ளன. ஈ.ஈ.1 எஞ்சினைப் போன்றே கைவிடப்பட்டதொரு பொருளை இம்முறை பொதுவுழைப்புக் காப்பாற்றிற்று.

ஆகவே, எஞ்சினின் உருவத்தோடு அதன் உழைப்பையும், உழைப்போடு அதனைச் சூழ்ந்த மனிதரையும் குறைந்தபட்சம் விளக்கக் குறிப்பிலேனும் எடுத்துரைக்கும் இணைப்பே வரலாற்றுக்குப் பயன்படுவதாகும். அவ்விளக்கத்தை எழுதும் பொறுப்பு ஆக்குவோருக்கு மட்டுமன்றி, வரலாற்றையும் பொருளியலையும் பயில்வோருக்கும் உரியது.