ஒரே வீட்டில் மஞ்சளும் நீலமும்

2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாளும் கூட. தாராவியின் தமிழ் வீடுகளுக்கு இரண்டுமே கொண்டாட்டம். அன்று இரவு வாங்கடே மைதானத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் மும்பையும் சென்னையும் மோதின. சென்னை இன்னிங்ஸில் நான்கே பந்துகள் பாக்கி இருக்கும்போது தோனி உள்ளே வந்தார். முதல் மூன்று பந்தும் சிக்சர், நாலாவதில் இரண்டு ரன். ஆக 20. பிறகு மும்பைக்காக ரோகித் சர்மா கடைசி வரை நின்று 105 எடுத்தும் பலனில்லை. சென்னை ஜெயித்ததும் சரியாக 20 ரன்னில்தான். மும்பையின் சொந்த மைதானத்தில் அந்த மூன்று சிக்சருக்கும் எழுந்த கூச்சலைக் கேட்டவர்கள், ஆட்டம் நடந்தது சேப்பாக்கத்திலா என்று நினைத்திருப்பார்கள்.

தோனிக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்க் குடும்பங்களைப் பாருங்கள். அப்பா சென்னையின் மஞ்சள், பிள்ளை மும்பையின் நீலம். அம்மா சென்னை, அக்கா ரோகித் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஓவருக்கு ஒருவர் விசில் அடிக்கிறார், ஒருவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கிறார். ஒரே ரத்தம், ஒரே சமையல், ஒரே ரேஷன் கார்டு. டீம் மட்டும் எப்படி இரண்டாகப் போனது?

வயது என்பதுதான் முதல் காரணம். அமெரிக்காவில் சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற ஆய்வாளர், பேஸ்பால் ரசிகர்கள் ஃபேஸ்புக்கில் எந்த அணிக்கு லைக் போட்டிருக்கிறார்கள் என்ற தரவை எடுத்து 2014இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பையனுக்கு ஏறக்குறைய எட்டு வயதாக இருக்கும்போது எந்த அணி கோப்பை வாங்குகிறதோ, அந்த அணி பெரியவனானபின்பும் அவனை விடுவதில்லை என்பது அதில் தெரிந்தது. இந்தக் கணக்கை மும்பைக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை முதல் இரண்டு கோப்பைகளை வாங்கியது 2010, 2011இல். அதில் முதலாவது, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் மும்பையையே 22 ரன்னில் தோற்கடித்து வாங்கியது. 2002, 2003இல் பிறந்த தாராவிப் பையன்கள் அதைப் பார்த்து மஞ்சளானார்கள். அதற்குப் பிறகு 2013, 2015, 2017, 2019, 2020 என்று மும்பை அடுக்கியது. இவற்றில் மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றது சென்னை. 2019இல் ஒரே ஒரு ரன்னில். 2005க்கும் 2012க்கும் இடையில் பிறந்த பிள்ளைகள் கூண்டோடு நீலமானதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2016, 2017 என்று இரண்டு ஆண்டுகள் சென்னை அணிக்குத் தடை, மஞ்சள் சட்டையே கிடையாது. ஐ.பி.எல். பிறந்த 2008இலேயே பிறந்த குழந்தைக்கு 2016இல் வயது எட்டு. அந்தப் பிள்ளை கண் திறந்து பார்த்தபோது அப்பாவின் அணி களத்திலேயே இல்லை. தோனியோ பூனா சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையிடம் போய் நம்ம டீம் என்றால் அது யாரைக் காட்டும்? பக்கத்து வீட்டு மராத்திப் பையன் எந்தக் கொடியைப் பிடித்தானோ அதைத்தான் அதுவும் பிடித்தது. மும்பை அணியும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சீசனிலும் ஓர் ஆட்டத்துக்கு, நகரத்தின் ஏழைப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் நீலச் சட்டை போட்டு வாங்கடேயில் உட்கார வைக்கிறார்கள். அரங்கத்துக்குள் முதன்முதலாகக் கால் வைக்கிற பிள்ளை வேறு எந்த அணியைத் தேர்ந்தெடுக்கும்?

அதே ஆய்வில் பெண்களுக்கு இந்த எட்டு வயதுக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அவர்களிடம் தெரிந்த கொஞ்சநஞ்ச உச்சமும் 22 வயதை ஒட்டி இருந்தது. தாராவிக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். இங்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் ஊரில்தான் பெண் எடுக்கின்றன. இருபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி வரும் பெண், நகை பாத்திரத்தோடு சி.எஸ்.கே.வையும் கொண்டுவருகிறாள். மராத்தி தெரியாத, இந்தி பாதிதான் புரிகிற அந்த முதல் வருஷங்களில், சாயங்காலம் ஏழரைக்குத் தமிழ் வர்ணனையோடு ஓடுகிற ஆட்டம் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பேச்சைக் கேட்பது போல இருக்கிறது. 2017இல் தமிழுக்கென்றே ஒரு விளையாட்டு சேனல் வந்தபிறகு இது கூடியிருக்கிறது. மும்பைத் தமிழ் வீடுகளில் மஞ்சள் தங்கியதற்கு நான் முதலில் நன்றி சொல்வது இந்தப் பெண்களுக்குத்தான்.

அப்புறம் மே மாதம். மும்பைப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஐ.பி.எல்.லின் கடைசிக் கட்டமும் ஒன்றாக வருகின்றன. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி ஆச்சி வீட்டுக்குப் போகிற பிள்ளை, அங்கே அத்தை மகன், சித்தி மகள் என்று ஒரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறது. நீலச் சட்டையோடு போனால் கேலி தாங்காது. “ஏலே, பம்பாய்க்காரன் வந்துட்டான்” என்பதில் தொடங்கி, ஆட்டம் முடிகிற வரை விடமாட்டார்கள். மும்பைக்குத் திரும்பினால் அங்கே அதே பிள்ளை ‘அண்ணா’, ‘மதராசி’. சில பிள்ளைகள் ரயிலில் சட்டையை மாற்றிக்கொள்கின்றன, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வேறு சில பிள்ளைகள் கேலி செய்ததற்காகவே பிடிவாதமாக நீலத்தில் நிற்கின்றன. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாட்டுங்கா கதை வேறு. தாராவிக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு ஆட்கள் வந்தார்கள். மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், கணக்கர்கள். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் குடியேறி, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். இவர்களுடைய கிரிக்கெட் ஐ.பி.எல்.லுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. கூப்பிடு தூரத்தில் சிவாஜி பார்க். ரவி சாஸ்திரி படித்தது மாட்டுங்கா டான் பாஸ்கோவில். 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டத்தில், சேப்பாக்கத்திலேயே தமிழ்நாட்டை 80க்கும் 61க்கும் சுருட்டி பம்பாய் ஜெயித்தது. பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட். மூன்றாம் நாள் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்த மாட்டுங்காப் பெரியவர்களுக்கு பம்பாய் கிரிக்கெட் என்பதே ஒரு பெருமை. 2008இல் டெண்டுல்கர் எந்தச் சட்டை போட்டாரோ அதுவே அவர்களுடைய சட்டை ஆயிற்று. 2013 கோப்பையோடு அவர் ஐ.பி.எல்.லிலிருந்து விலகினார். அதன்பின் பலர் அஸ்வினைச் சாக்கிட்டு மெதுவாகச் சென்னைப் பக்கம் சாய்ந்தார்கள். சாயாதவர்களும் நிறைய.

செம்பூர் இரண்டுக்கும் நடுவில். அணுசக்தி நகர் குடியிருப்பில் வளர்ந்தவர் சூரியகுமார் யாதவ். அவர் அப்பா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர், சூரியகுமார் படித்தது அணுசக்தி மத்தியப் பள்ளியில். அதே குடியிருப்பில், அதே பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். நம்ம காலனிப் பையன் நீலத்தில் ஆடும்போது, செட்டா நகர் முருகனைக் கும்பிடுகிற குடும்பமாக இருந்தாலும் நீலம்தான். தாராவியிலும் இதே கதைதான். அங்கே வளர்ந்த சிம்ரன் ஷேக்கை 2024 டிசம்பரில் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் குஜராத் அணி 1.9 கோடிக்கு எடுத்தது. தாராவிச் சிறுமிகளுக்கு அதற்கு முன் குஜராத்தோடு என்ன உறவு? அந்த ஏலத்தோடு வந்தது.

இனி, எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

டொராண்டோவில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைக்கு ஐஸ் ஹாக்கியில் இந்தச் சிக்கல் இல்லை. மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொட்டதில்லை என்றாலும் அதுதான் ஊர் அணி. யாழ்ப்பாணத்துக்கு ஐஸ் ஹாக்கி அணி கிடையாது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கோ பிறந்த ஊருக்கும் பூர்வீக ஊருக்கும் ஒவ்வோர் அணி. சென்னை ஆடாத அந்த இரண்டு ஆண்டுகள் தவிர, வருஷம் தவறாமல் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. 1990இல் பிரிட்டனில் ஓர் அரசியல்வாதி, குடியேறி வந்தவர்கள் எந்த நாட்டு கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் விசுவாசம் தெரியும் என்றார். மும்பையில் அப்படி ஒரு சோதனையை மேடை போட்டு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லோக்கல் ரயிலில், பள்ளி வராந்தாவில், ஆபீஸ் கேன்டீனில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: இங்கே பிறந்துவிட்டு சென்னையா?

1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர் கடைகள் கல்லடி பட்ட காலத்தைப் பார்த்த தாத்தாக்களுக்கு, வேட்டியோடு தெருவில் இறங்கவே யோசனையாக இருந்தது. அவர்களுடைய பேரன் இன்று மஞ்சள் சட்டையோடு மாஹிமில் ரயில் ஏறி சர்ச்கேட்டில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் தமிழில் கத்திக்கொண்டே வாங்கடேக்கு நடக்கிறான். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இந்த நகரம் அந்த அளவுக்கு மாறியிருக்கிறது, நாமும் அந்த அளவுக்கு நிமிர்ந்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?

2018இல் ஹர்பஜன் சிங் சென்னை அணிக்கு வந்ததும் தமிழில் ட்வீட் போடத் தொடங்கினார். பஞ்சாபிக்காரர் பெயரில் சுத்தமான தமிழ், அதுவும் தமிழ் எழுத்தில். தமிழ்நாடே கொண்டாடியது. மும்பையில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை அம்மாவின் உதவி இல்லாமல் வாசித்திருப்பார்கள்? ‘விசில் போடு’ என்ற சென்னை அணியின் கோஷமே அவர்களுக்கு ஆங்கில எழுத்தில்தான் தெரியும். பாட்டி பேசினால் புரிகிறது, பதில் இந்தியில் வருகிறது. வீட்டுத் தமிழ் இப்படித் தேய்ந்துகொண்டு போகும்போது, அந்த இடத்தில் மஞ்சள் சட்டையை வைத்து நிரப்புகிறோம். பிள்ளை சி.எஸ்.கே. ரசிகன், அதனால் தமிழன் என்று அப்பாவும் திருப்திப்பட்டுக்கொள்கிறார்.

அந்த அணி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று யோசியுங்கள். 2018 மே 27 அன்று இதே வாங்கடேயில் சென்னை கோப்பை வாங்கியது. வாட்சன் 117. கொண்டாட வேண்டிய ஆட்டம், நானும் கொண்டாடினேன். அன்று ஆடிய பதினொருவரில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை. அதில் குறை ஒன்றும் இல்லை, தொழில்முறை அணி நல்ல ஆட்டக்காரனைத்தான் எடுக்கும். 2013இல் மும்பை கோப்பை வாங்கியபோது அந்த அணியில் நம் தினேஷ் கார்த்திக் இருந்தார். ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வருவார்கள், போவார்கள். ஒரு குடும்பத்தின் மொழியை அவர்கள் கையில் ஒப்படைக்க முடியாது. 2024 மார்ச்சில், தாராவியை ஒட்டிய பாந்த்ரா குர்லா மைதானத்தில் ரஞ்சி அரையிறுதியில் தமிழ்நாடு மும்பையிடம் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. ஆடியது அசல் தமிழ்நாட்டு அணி. அதற்காக எந்த வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்கள்?

விளையாட்டை விளையாட்டாகப் பார்த்தால் போதும், இதில் மொழியை எதற்கு இழுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழ் நிலைத்திருக்கலாம். என் கவலை நிலைக்காத வீடுகளைப் பற்றியது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. தாராவியில் அந்தப் பள்ளிகள் பல தலைமுறைகளுக்கு எழுத்துக் கொடுத்தவை. இன்றைய பெற்றோர் வேலையை நினைத்து ஆங்கிலப் பள்ளியைத் தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோல் கிடங்கிலும் தையல் கூடத்திலும் முதுகு ஒடிந்தவர்கள் பிள்ளைக்கு வேறு வாழ்க்கை கேட்பது நியாயம். ஆனால் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் அ, ஆ சொல்லிக்கொடுக்க எந்தச் சட்டமும் தடை போடவில்லை.

பிள்ளை நீலமாக இருந்தால் இருக்கட்டும். அவன் பிறந்த ஊர் அது, அவனுடைய எட்டு வயதில் ஜெயித்த அணி அது. மஞ்சளாக இருந்தால் சந்தோஷம். எந்தச் சட்டை என்றாலும், இறுதி ஆட்டம் முடிந்த கொஞ்ச நாளில், ஜூன் மாதத்தில், மும்பையில் பள்ளிகள் திறக்கின்றன. தமிழ்நாட்டு அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆட்டம் பார்க்க ஒதுக்கிய இரவுகளில் வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்து, அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் அவன் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவான்.