நீரில் மூழ்குதலும் உயிர்காப்பும்: சேலம், நாமக்கல் சமவெளிக்கான குறிப்புகள்

ஆறும் கிணறும்

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து இறங்கும் காவிரி, பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்திவேலூர், மோகனூர் வழியாகச் செல்கிறது. கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்த மழையால் அணை நிரம்பி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் திறக்கப்படும்போது, ஒரு துளி மழையும் காணாத ஊரின் படித்துறையிலும் வெள்ளம் ஏறுகிறது. ஆடிப்பெருக்கு நீராடல் பெரும்பாலும் இந்தப் பருவத்திலேயே வருவதால், வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் படித்துறைச் சடங்கைக் கரைமேலேயே முடித்துக்கொள்வது குறையாகாது. மணல் அள்ளிய இடங்களில் உண்டான மடுக்கள், அதாவது ஆற்றுப்படுகையின் திடீர்ப் பள்ளங்கள், மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாறையை வெட்டி இறக்கிய பாசனக் கிணறுகளின் ஆபத்து வேறு வகையானது. படிகள் ஒரு பக்கம் மட்டுமே இருக்க, மற்றப் பக்கங்கள் பாசி படிந்து செங்குத்தாக நிற்பதால், தவறி விழுபவருக்குக் கைப்பிடி கிடைப்பதில்லை. நீர் வற்றிய கோடையில் ஆழம் பாராமல் தலைகீழாகக் குதிப்பவருக்குக் கழுத்தெலும்பு முறியக்கூடும்.

பழகும் முறை

காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டிப் பிள்ளைகளை நீந்தப் பழக்குவது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். மிதவை இடுப்புக்குக் கீழே நழுவினால் கால் மேலெழும்பித் தலை அமிழ்ந்துவிடும் என்பதால், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தொலைவில் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். வேகமாக நீந்துவதற்கு முன்னர், மல்லாந்து மிதக்கவும், நின்ற நிலையில் காலால் நீரை மிதித்து மூக்கை மேலே வைத்திருக்கவும் பழக்குவதே முறை. உயிரைக் காப்பவை இவ்விரண்டுமே.

மூழ்குதல் என்பது

2002-இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் வகுக்கப்பட்ட வரையறைப்படி, நீரில் அமிழ்வதால் மூச்சு தடைப்படும் நிகழ்வு முழுவதுமே மூழ்குதல் ஆகும், பிழைத்தவரும் மூழ்கியவரே. மூழ்குபவர் கூச்சலிடுவார் என்ற எண்ணம் தவறானது. மூச்சுக்கே போராடுபவரால் குரல் எழுப்ப இயலாது என்பதால், பக்கத்தில் நிற்பவர்கூட அறியாமல் போகலாம்.

மீட்பும் முதலுதவியும்

மூழ்குபவர் கைக்கு அகப்படுவதை இறுகப் பற்றிக்கொள்வதால், காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்தே இறக்க நேரலாம். கரையில் குப்புறப் படுத்தபடி வேட்டி, சேலை அல்லது மூங்கிலை நீட்டுவதும், கயிற்றில் கட்டிய, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனை எறிவதும் சிறந்தவை.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை எடுப்பதும் இன்றும் கிராமங்களில் நடக்கின்றன. இவை பயனற்றவை மட்டுமல்ல, தீங்கானவையும்கூட. வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். பிராணவாயு இல்லாமல் சில நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்குவதால், மூச்சில்லாதவரின் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் சில முறை ஊத வேண்டும். அதன் பின்னரும் அசைவு இல்லையெனில், நெஞ்சின் நடுவில், பெரியவர்க்கு ஏறத்தாழ 5 செ.மீ. அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுவதை, உடனிருப்பவர் அழைத்த 108 ஊர்தி வரும்வரை தொடர வேண்டும்.

நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், எழுந்து உட்கார்ந்து பேசுபவராயினும், இருமலோ மூச்சுத்திணறலோ இருப்பின் அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.