ஐந்து மில்லிகிராம் அலுமினியம்

ஆறு அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி ஒன்றை வாங்கினால், வீட்டுக்கு வரும் பெட்டிகளின் எடை 15 கிலோவை ஒட்டி இருக்கும். அதில் நட்சத்திர ஒளியை வாங்கிக் குவிக்கும் வேலையைச் செய்வது, 150 மி.மீ. அகலக் கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் அலுமினியப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. முழுப் படலத்தையும் சுரண்டி நிறுத்தால் 5 மில்லிகிராம்தான் தேறும். குழாய், திருகு, பலகை, ஏன், அந்தக் கனமான கண்ணாடியும்கூட, படலத்தைச் சரியான வளைவில், சரியான திசையில் பிடித்து வைப்பதற்காகவே இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தால், எந்த உறுப்பு எதற்கு என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதன்மை ஆடியிலிருந்து தொடங்குவோம். நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். ஒளி கண்ணாடிக்குள் புகுந்து திரும்பி வரும். தொலைநோக்கியின் ஆடியில் பூச்சு முன்பக்கம். ஒளி கண்ணாடிக்குள் நுழைவதே இல்லை. நுழையாததால் நிறங்களாகப் பிரிவதும் இல்லை. 1668இல் ஐசக் நியூட்டன் ஒரு சாண் நீளம்கூட இல்லாத தன் முதல் தொலைநோக்கியை ஆடி வைத்துச் செய்ததற்குக் காரணம் இதுதான். வில்லைகளில் நிறப்பிரிகையை எந்த வழியிலும் ஒழிக்க முடியாது என்று அவர் முடிவுகட்டியிருந்தார். அந்த முடிவு தவறு. அடுத்த நூற்றாண்டில் இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் அந்தத் தவறான முடிவிலிருந்து பிறந்த கருவிதான் இன்று உலகின் பெரிய வானாய்வகங்களையெல்லாம் ஆள்கிறது.

நியூட்டன் காலத்தில் ஆடி என்றால் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகம். விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே தொலையும். போதாக்குறைக்கு, சில மாதங்களில் கறுத்தும் போகும். மறுபடி மெருகேற்றினால் பளபளப்பு திரும்பும், ஆனால் வளைவு கெட்டுவிடும். வில்லியம் ஹெர்ஷல் இதனோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தவர். ஆடியிலிருந்து கையை எடுக்காமல் 16 மணி நேரம் தொடர்ந்து மெருகேற்றிய ஒரு நாளில், தங்கை கரோலின்தான் அவருக்கு வாயில் உணவு ஊட்டினார். 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில், வீட்டுத் தோட்டத்தில் நின்று அவர் யுரேனஸைக் கண்டுபிடித்தது ஆறு அங்குலத்துக்குச் சற்றே அதிகமான ஆடியால். இன்று கடையில் கிடைக்கும் அதே அளவு!

உண்மையான திருப்பம் 1850களில் வந்தது. ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் கண்ணாடியைக் குழிவாகத் தேய்த்து, அதன்மேல் வேதிமுறையில் வெள்ளி பூசினார்கள். இதனால் வடிவம் ஒரு பொருளிடமும் பளபளப்பு வேறொரு பொருளிடமும் போய்ச் சேர்ந்தது. வெள்ளி கறுத்தால் கரைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். பாடுபட்டுக் கொண்டுவந்த வளைவுக்குச் சேதமில்லை. என்னைக் கேட்டால், ஆடித் தொலைநோக்கியின் வரலாற்றில் நியூட்டனுக்கு அடுத்த இடம் இந்தப் பிரிவினைக்குத்தான். 1930களில் வெள்ளியின் இடத்தை, வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைக்கும் அலுமினியம் பிடித்துக்கொண்டது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் ஆடிக்கும் வைத்தியம் இதேதான்: பழைய படலத்தைக் களைந்து புதியதைப் படியவைப்பார்கள்.

அந்த வளைவு எவ்வளவு நுட்பமானது? நம் ஆடியின் குவியத்தூரம் 1200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தொலைவிலிருந்து வரும் ஒளி ஒரே புள்ளியில் கூட, மேற்பரப்பு கோளத்தின் துண்டாக இல்லாமல் பரவளைய வடிவில் இருக்க வேண்டும். இரண்டையும் மையத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், விளிம்பில் வரும் வித்தியாசம் 0.3 மைக்ரான்கூட இல்லை. ஃபூக்கோ இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு விளக்கும் கத்தி முனையும் போதும் என்று காட்டினார். கையால் ஆடி தேய்ப்பவர்கள் இன்றும் அந்தச் சோதனையைத்தான் நம்புகிறார்கள்.

இவ்வளவு நுட்பமான பரப்பைக் குழாயின் அடியில் பொருத்தும்போது அழுத்தக் கூடாது. ஆடியைப் பிடிக்கும் மூன்று கிளிப்புகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும். இறுக்கிவிட்டால் கண்ணாடி நெளியும். நட்சத்திரங்கள் முக்கோணமாகத் தெரியும். தூசு படிந்தால் பதறித் துணியால் துடைப்பது அதைவிட மோசம். கொஞ்சம் தூசு ஒன்றும் செய்யாது, கீறல் செய்யும்.

குழாயின் மேல்முனையில், மெல்லிய தகடுகளில் தொங்கும் சின்னஞ்சிறு தட்டை ஆடி 45 பாகை சாய்ந்து நின்று, ஒளியைப் பக்கவாட்டில் திருப்புகிறது. இது ஒளியை மறைக்காதா, படத்தின் நடுவில் ஓட்டை விழாதா என்று கேட்காதவர்கள் இல்லை. மறைக்கும்: 34 மி.மீ. அகலமென்றால் 5 விழுக்காடு ஒளி போகும். ஓட்டை விழாது. ஆடியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே முழுப் படத்தையும் உருவாக்குகிறது. ஒரு பகுதியை மறைத்தால் படம் சற்று மங்கும், அவ்வளவுதான். தகடுகள் மட்டும் தங்கள் தடத்தை விட்டுவைக்கும். ஹப்பிள் படங்களில் நட்சத்திரங்களைச் சுற்றித் தெரியும் நான்கு முனைக் கதிர்கள் இந்தத் தாங்கிகளின் கைவரிசைதான்.

பக்கவாட்டுத் துளையில் இருக்கும் ஃபோக்கஸரில் ஐபீஸைச் செருகுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். குழாயை நிலாவுக்குத் திருப்பி, துளையின் மேல் டிரேசிங் தாளைப் பிடித்து, ஃபோக்கஸரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் 11 மி.மீ. அகலத்தில், சட்டைப் பொத்தான் அளவு நிலா தாளில் விழும். தொலைநோக்கியின் வேலை அங்கேயே முடிந்தது. ஐபீஸ் அந்தக் குட்டி நிலாவைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி மட்டுமே. 25 மி.மீ. ஐபீஸ் என்றால் 1200ஐ 25ஆல் வகுத்து 48 மடங்கு, 10 மி.மீ. என்றால் 120 மடங்கு. பெட்டியில் 600 மடங்கு என்று அச்சிட்டு விற்பவர்கள் மங்கலைத்தான் பெரிதாக்கி விற்கிறார்கள். (சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது. முன்முனையில் அதற்கான வடிகட்டி இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும்.)

குழாய் உட்காரும் தாங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதை எளிமையாக்கியவரைப் பற்றிச் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்தத் துறவியாக இருந்தவர் ஜான் டாப்சன். கப்பல் ஜன்னலுக்கான தடித்த கண்ணாடியை ஆடியாகத் தேய்த்து, அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்காரவைத்தார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேறியபின், சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதைகளில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். இன்று டாப்சோனியன் என்று விற்பனையாகும் எல்லாமே அந்தப் பெட்டியின் வாரிசுகள்.

எல்லாம் பூட்டியாயிற்று. இரண்டு ஆடிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காவிட்டால் அத்தனையும் வீண். ஐபீஸ் இடத்தில் நடுவில் ஊசித்துளையிட்ட மூடியைப் போட்டுப் பாருங்கள். சிறிய ஆடிக்குள் பெரிய ஆடியின் மூன்று கிளிப்புகளும் தெரியும்வரை, ஆலன் கீயால் மேல் திருகுகளைத் திருப்ப வேண்டும். குழாயைப் படுக்கைவாட்டில் வைத்துக்கொண்டு இதைச் செய்வது நல்லது. கை தவறினால் ஆலன் கீ நேராகப் பெரிய ஆடியில் போய் விழும். அடுத்து, அடியிலிருக்கும் மூன்று திருகுகளால், சிறிய ஆடியின் கரிய பிம்பத்தைப் பெரிய ஆடியின் மையக் குறியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

கடைசித் தீர்ப்பு நட்சத்திரத்திடம். ஃபோக்கஸைச் சற்றுக் கலைத்தால் நட்சத்திரம் வளையமாக விரியும். நடுவிலுள்ள கருமை மையத்தில் இருந்தால் சரி, ஒதுங்கியிருந்தால் அடித் திருகுகளை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். அசையாத துருவ நட்சத்திரம் இதற்கு வசதி என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். சென்னையில் அது அடிவானிலிருந்து 13 பாகை உயரத்தில்தான், குமரியில் எட்டே பாகை. அங்கே காற்றின் நடுக்கம் அதிகம். தலைக்கு மேலிருக்கும் நட்சத்திரத்தையே பிடியுங்கள். 120 மடங்கில் அது ஒன்றரை நிமிடத்தில் நழுவிப் போகும், திருகைத் தொட்டாலும் விலகும். துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்: ஐபீஸில் கண்ணை வைத்துக் குழாயைத் தள்ளிக்கொடுக்க ஒருவர், அடியில் உட்கார்ந்து திருக ஒருவர். 1200 மி.மீ. குழாயின் இரண்டு முனைகளுக்கும் ஒரே ஆளின் கை எட்டுவது கடினம்.