மார்கழி விருந்தும் கடல்கோளும்

தமிழ் இலக்கணம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுக்கும். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்கு உரியவை என்று உரையாசிரியர் வகுத்தனர். வகுப்பறையில் அவ்வாறே நானும் கற்பித்து வருகின்றேன். ஆயினும் கல்முனைக் கரையிற் பிறந்த எங்களுக்கு மார்கழி பனிக்காலம் அன்று, மாரிக்காலம். வாடைக்காற்று வீசும். கடல் கொந்தளிக்கும். கரைவலைத் தோணிகள் மணலில் ஏறிக் கிடக்கும். மேற்கே பெரும்போக வேளாண்மை பசுமை கட்டி நிற்கும். மீனவனுக்கும் உழவனுக்கும் ஒருசேர ஓய்வு தருவது இம்மாதமே. வெளியூர்களிற் கடை வைத்திருப்போரும் உத்தியோகம் பார்ப்போரும் ஆண்டிறுதியில் ஊர் திரும்புவர். எனவே எங்கள் ஊர்களில் குடும்பங்கள் ஒன்றுகூடும் காலமும் இதுவே.

எங்கள் பகுதிக் குடும்ப அமைப்பை அறியாதார் பொருட்டு ஒன்று கூறவேண்டும். இங்கே வீடு பெண்மக்களுக்கு உரியது. மகளுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே வழக்கம். அதனால் உம்மாவின் வீடு, சாச்சியின் வீடு, ராத்தாவின் வீடு என ஒரே ஒழுங்கையில் வீடுகள் அடுத்தடுத்து அமையும். ஆண்மக்களாகிய நாங்களோ பிறந்த வீட்டுக்கு விருந்தினராய் வருகின்றோம். மார்கழிக் கூட்டம் என்பது அவ்வொழுங்கை முழுவதும் ஒரே வீடாகிவிடுவதுதான்.

கூட்டம் பெருகினால் இடையூறும் பெருகும். கூரை ஒழுகும் இடத்திற்றான் பாய் விரிக்க நேரும். கிணறு வாய்மட்டும் நிரம்பிக் கலங்கும். காயாத விறகு புகையும்; ஊதி ஊதிக் கண் சிவந்த சாச்சி, புகைக்குக் காரணம் விறகன்று, அதைக் கொண்டுவந்த மருமகனே என்று தீர்ப்புக் கூறுவார். ஓராண்டு என் மருமகன் ஒருவன் சஹன் சோற்றைத் தலைமேல் ஏந்தி நனைந்த முற்றத்தில் நடந்து வழுக்கி விழுந்தான். அறுவர் உண்ணவேண்டிய சோற்றைக் கோழிகள் உண்டன. அவன் அழ, நாங்கள் சிரித்தோம். இத்தகைய சிறு விபத்துகளே பின்னாளில் குடும்பக் கதைகளாகின்றன. குறைவின்றி நடந்த விருந்தை எவரும் நினைவிற் கொள்வதில்லை.

2004ஆம் ஆண்டு மார்கழியிலும் அத்தகைய விபத்தொன்று நிகழ்ந்தது. எங்கள் சாச்சியின் வீடு ஒழுங்கையின் கடற்பக்கத்து எல்லையில் இருந்தது. விருந்தை வழக்கம்போல் அங்கேயே வைப்பதாய் இருந்தோம். மழையில் ஊறியிருந்த குசினிச் சுவர் முதல்நாள் மாலை சரிந்து அடுப்பின் மேல் விழுந்தது. எவருக்கும் காயமில்லை, ஆனால் சாச்சிக்குப் பெரும் மனத்தாங்கல். “என் வீட்டுச் சோறு இந்த வருஷம் உங்களுக்கு இல்லையா மகன்?” என்று என்னிடம் கேட்டார். வேறு வழியின்றிச் சட்டி பானைகளைச் சுமந்துகொண்டு, பிரதான வீதிக்கு மேற்கே வயற்பக்கமாக இருந்த ராத்தாவின் வீட்டுக்கு எல்லோரும் சென்றோம். இரவும் அங்கேயே தங்கினோம். “ஒரு சுவர் விழுந்ததற்கு ஓர் ஊரையே குடிபெயர்ப்பதா?” என்று மச்சான் சலித்துக்கொண்டார்.

மறுநாள் திசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையும் ஒன்றாய் வந்த நாள். காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால், கடலடியில், 9.1 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதை நாங்கள் அறியவில்லை, அறிவிப்பாரும் இல்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அந்நாளில் இருந்ததில்லை. நாங்கள் இடியப்பம் உண்டுகொண்டிருந்தபோது கிழக்கிலிருந்து மனிதர் ஓடிவந்தனர். கடல் ஊருக்குள் வந்துவிட்டதென்றனர். சற்று நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டதென்று வேறு சிலர் கூறினர்.

சாச்சி எழுந்து நின்றார். “மகன், தண்ணி வடிஞ்சிட்டாம். நான் போய்ப் பெட்டகத்தப் பாத்துட்டு வாறன்” என்றார். மகளின் கலியாணத்துக்கெனச் சேர்த்த நகை அப்பெட்டகத்தில் இருந்தது. குடும்பத்திற் படித்தவன் என்று என்னிடமே அவர் கேட்டார். “போய்ட்டு வாங்க சாச்சி, இனி என்ன வரப்போகுது” என்றேன்.

அடுத்த அலை முன்னையதினும் பெரிதாய் வந்தது. மூன்றாம் நாள் அவரை அடக்கம் செய்தோம்.

அப்போது நான் பத்தாண்டுக்கு மேல் ஆசிரியப்பணி செய்தவன். கடல்கோள் என்ற சொல்லை ஆண்டுதோறும் கற்பித்தவன். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரத்திலிருந்து எடுத்துரைத்தவன். புகார் கடலில் மூழ்கியதை மணிமேகலை கொண்டு விளக்கியவன். கபாடபுரம் அழிந்ததை இறையனார் களவியலுரையிலிருந்து பரீட்சை வினாவாக்கியவன். ஆனால் கடல்கோள் எவ்வாறு வரும், எத்தனை முறை வரும், வந்தால் என் செய்வது என்று நானும் கேட்டதில்லை. எந்த மாணவனும் கேட்டதில்லை. சொல் எங்களிடம் இருந்தது, அறிவு இல்லை. பின்னர் நாடெங்கும் வழங்கிய சுனாமி என்ற யப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்பது பொருள். அச்சொல்லோடு அந்நாட்டார் தம் பிள்ளைகளுக்கு ஓடும் வழியையும் கற்பித்தனர். நாங்கள் பெருமையை மட்டும் கற்பித்தோம்.

அன்று இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையோர ஊர்கள் யாவும், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, பிணம் சுமந்தன. இறந்தோருட் பெண்களும் சிறுவருமே மிகுதி.

சுவர் விழுந்ததனால் நீங்கள் பிழைத்தீர்கள், அஃது இறைவன் செயல் என்று பலர் எனக்கு ஆறுதல் கூறினர். அவர்களின் அன்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வாறு சொல்ல என் நா எழுவதில்லை. எங்கள் ஒழுங்கையில் சுவர் விழாத வீடுகள் பலவிருந்தன. அவ்வீடுகளிலும் விருந்தினர் வந்து தங்கியிருந்தனர். நாங்கள் காக்கப்பட்டோம் என்று நான் உரத்துச் சொன்னால், அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர்தம் எஞ்சிய பிள்ளைகள் கேளாரோ? சுவர் விழுந்தது மழையினால். சாச்சி இறந்தது என் அறியாமையினால். முன்னதற்கு நன்றி கூறலாம்; பின்னதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும்.

அதனால் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடல் உள்வாங்கினால் ஓடு என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். அது பாதிப் பாடமே. 2004இல் தாய்லாந்துக் கரையிற் கடல் முதலில் உள்வாங்கியது. இலங்கையின் கீழைக்கரையிலோ நீர் முதலில் ஏறியது; அதன்பின்னரே வடிந்தது. நிலநடுக்கத்தின்போது கடலடி ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்ததே இதற்குக் காரணம். ஆகவே கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் மேட்டுக்கோ மேற்கேயோ விலகுதல் வேண்டும். ஓர் அலை வடிந்தது முடிவன்று. அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரத்துக்கு வரக்கூடும். பாதுகாப்பு என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை எப்பொருளின் பொருட்டும் திரும்பலாகாது. இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு இன்று இயங்குகின்றது. எனினும் எச்சரிக்கையைக் கேட்டபின் என் செய்வதென்று அறியாதார்க்கு அது வெற்றொலியே.

திசெம்பர் 26ஆம் நாள் தேசிய பாதுகாப்பு தினமாகக் கொள்ளப்பெறுகின்றது. காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் நாடு மௌனம் காக்கின்றது. எங்கள் குடும்பம் அன்று ராத்தாவின் வீட்டிற் கூடுகின்றது. மௌனம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாய் அமர்த்தி அப்பாடத்தை நான் சொல்கின்றேன். சென்ற ஆண்டு சாச்சியின் பேத்தி ஒருத்தி, “மாமா, இது பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டாள்.

வரும் என்றேன். எந்நாள் என்று மட்டும் சொல்லவியலாது.