சாட்சி சொல்பவருக்கு ஒரு கவசம்

திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சூட்டுக் காயங்களைக் காட்டியவை செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 12 பேரையும் ஒரு பொலிஸ் அதிகாரியையும், போதிய சாட்சியம் இல்லையென 2019 ஜூலை 3ஆம் திகதி நீதிமன்றம் விடுவித்தது. முக்கிய சாட்சிகள் சிலர் அதற்குள் நாட்டிலேயே இல்லை.

கண்டவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள்? கூட்டமாக நிற்கும்போது 'வேறு யாராவது சொல்வார்கள்' என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவதை உளவியலாளர்கள் ஜோன் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் சோதித்தார்கள். ஒருவருக்கு வலிப்பு வரும் சத்தத்தைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 வீதமானோர் அது ஓய்வதற்குள் உதவி தேடினார்கள்; இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 வீதமானோரே. ஆனால் எங்கள் ஊரின் மௌனத்துக்கு இதை மட்டும் காரணமாக்குவது அநியாயம். உண்மையைக் காட்டியவருக்கு என்ன நடந்தது என்பதை ஊரே பார்த்தது.

ஆகவே எங்கள் லிங்கநகரில் நாளை ஒரு அடிதடியையோ விபத்தையோ காண்பவர், தன் நினைவையும் உயிரையும் சேர்த்தே காக்கவேண்டும். நினைவு எளிதில் மாறும். 1974இல் உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் கார் மோதும் படமொன்றைக் காட்டினார். 'மோதியபோது' என்பதற்குப் பதிலாக 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, இல்லாத கண்ணாடித் துண்டுகளைப் பார்த்ததாகவும் மற்றவர்களைவிட அவர்களில் கூடுதலானோர் சொன்னார்கள். தேநீர்க்கடைப் பேச்சில் கலக்கும் முன்பே, கண்டதை அன்றிரவே எழுதித் திகதியிட்டு வையுங்கள்.

பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழையைத் திருத்தவும் விடுபட்டதைச் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத சிங்களத் தாளில் கையொப்பம் வேண்டாம்.

மிரட்டல் வந்தால், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். சாட்சியை அச்சுறுத்துவது அச்சட்டப்படி குற்றம். மிரட்டுபவர் அரச அதிகாரியானால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். ஆணைக்குழுவுக்கான முறைப்பாட்டையும் அந்த மாதத்துக்குள்ளேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.