கழுவெளி எவ்வளவு தாங்கும்?

வானூர், மரக்காணம் தாலுகாக்களில் பரந்துள்ள கழுவெளியைச் சர்க்கார் 2021-ல் பறவைகள் சரணாலயமாக்கினர். 2024-ல் அது சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வரவேற்கிறோம். மழைவெள்ளத்தை ஏந்துவதும், சேற்றிலே கரியைப் புதைத்து வைப்பதும் அவ்வேரியின் அருந்தொண்டு.

ஆயினும் அதற்கும் ஓர் அளவுண்டு. 2024 நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் அரை மீட்டர் மழை கொட்டிற்று. மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. புகையால் சூடேறும் கடலே இத்தகைய மழையைப் பெருக்குகிறது.

யுகயுகமாய் மண்ணுள் உறங்கிய கரியைத் தெற்கே நெய்வேலியில் தோண்டி எரித்துக்கொண்டே, கழுவெளி அதை விழுங்கட்டும் என்றிருப்பது பேதைமை. ஏரியைக் காக்கவும் வேண்டும். புகையைக் குறைக்கவும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க ஜனங்கள் விடலாகாது.